மாதம் 210 யூனிட் பேசுகிறீர்களா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். 1996 முதல் வீட்டில் லேண்ட்லைன் வைத்திருக்கிறோம். இப்போது மாத வாடகை 220 ரூபாய். அதில் 60 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட்டுக்கு 1 ரூபாய் 20 காசு. லேண்ட்லைனுக்குப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட், செல்போனுக்குப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஒரு யூனிட். மாதம் 399 ரூபாய் அன்லிமிடெட் திட்டத்துக்கு மாறினால் இந்தியா முழுவதும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று தொலைபேசி நிறுவனத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். மீட்டர் ஓடுகிறதே என்று பயந்துகொண்டு பேச வேண்டாம், மாறிவிடலாம் என்கிறார் மனைவி. கடைசி ஆறு பில்களில் உள்ள யூனிட்டுகள்: 142, 118, 131, 127, 240, 109. இவற்றில் 240 வந்தது எங்கள் மகள் திருமண மாதம். மாறினால் லாபமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: பில்லை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வாசகர்கள் குறைவு. நீங்கள் யூனிட் கணக்கையே அனுப்பிவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டு திட்டங்களுக்கும் இடையே வாடகை வித்தியாசம் 179 ரூபாய். அதை 1 ரூபாய் 20 காசால் வகுத்தால் ஏறத்தாழ 150 யூனிட் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் 60 யூனிட்டையும் சேர்த்தால், மாதம் 210 யூனிட்டைத் தொட்ட பிறகுதான் 399 ரூபாய்த் திட்டம் உங்களுக்குக் காசை மிச்சப்படுத்தத் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி.தான் என்பதால், இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க வரியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. கையிலிருந்து போகும் மொத்தத் தொகையைப் பார்க்கும்போது மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆறு மாதங்களில் 210-ஐத் தாண்டியது திருமண மாதம் ஒன்றுதான். அந்த மாதத்திலும் வரிக்கு முன் மிஞ்சியிருக்கக்கூடியது 37 ரூபாய். மற்ற ஐந்து மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு மாதங்களுக்கு வரியோடு நீங்கள் கட்டியிருப்பது சுமார் 2,276 ரூபாய். அன்லிமிடெட் திட்டத்தில் இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியது சுமார் 2,825 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 92 ரூபாய் கூடுதல்.

யூனிட் என்பதை நிமிடம் என்று எண்ணிவிடுவது பலரும் செய்யும் தவறு. உங்கள் திட்டப்படி 210 யூனிட் என்பது இன்னொரு லேண்ட்லைனுக்கு என்றால் பத்தரை மணி நேரப் பேச்சு. செல்போனுக்கு என்றால் மூன்றரை மணி நேரம்தான். அதிலும், ஒரு துடிப்பு (ஒரு யூனிட்டுக்கு உரிய நேரம்) தொடங்கிவிட்டாலே முழு யூனிட்டாகக் கணக்கிடுவார்கள் என்பதால், செல்போனுக்கு 61 விநாடி பேசினாலும் இரண்டு யூனிட் ஏறும். லேண்ட்லைன் வைத்திருக்கும் உறவினர்கள் அருகிவிட்ட காலத்தில், நேரம் கூடாமலேயே யூனிட் மட்டும் கூடியிருக்க வாய்ப்புண்டு. எனவே பழைய ஆண்டுகளின் பில்களை வைத்து முடிவு செய்யாமல், நீங்கள் செய்திருப்பதைப் போல அண்மைய பில்களை வைத்துச் செய்வதே சரி.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் பேசுவது ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு மாதம் 92 ரூபாய் கொடுக்கலாம் என்று இருவரும் நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதைச் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும், சேமிப்புக் கணக்கில் அல்ல. திட்டம் மாறிய பின் பேச்சு நீளும். மூன்று மாதம் கழித்து, "பார்த்தீர்களா, 500 யூனிட் பேசியிருக்கிறோம், பழைய திட்டத்தில் எவ்வளவு ஆகியிருக்கும்!" என்று வீட்டில் ஒரு குரல் எழும். பழைய திட்டத்தில் இருந்திருந்தால் அந்த 500 யூனிட்டை நீங்கள் பேசியிருக்கவே மாட்டீர்கள் என்பதால், அதை மிச்சம் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. உங்கள் இருவரிடமும் செல்போன் இருக்கிறதா? 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, செல்போன் ரீசார்ஜ் என்றாலே உள்நாட்டு அழைப்புகள் அதில் அடங்கியவை என்றாகிவிட்டது. அப்படி ஒரு ரீசார்ஜுக்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டு லேண்ட்லைனுக்கும் அன்லிமிடெட் எடுத்தால், ஒரே பேச்சுக்கு இரண்டு இடத்தில் காசு கொடுக்கிறீர்கள். வெளியே செல்லும் அழைப்புகளைச் செல்போனுக்கு மாற்றி, லேண்ட்லைனை 60 யூனிட்டுக்குள் நிறுத்திவிட்டால், மாத பில் வரியோடு 259 ரூபாய் 60 காசில் நின்றுவிடும். அன்லிமிடெட் திட்டத்தோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்தில் 1,267 ரூபாய் குறைவு. உங்கள் கேள்விக்கு உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

நிறுவனங்கள் வலிய அழைத்து இத்தகைய திட்டங்களைத் தருவதற்கும் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால், அழைப்பை அனுப்பிய நிறுவனம் பெற்ற நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை காசு என்று கொடுக்க வேண்டியிருந்தது. லேண்ட்லைனிலிருந்து செல்லும் அழைப்புகளுக்கும் லேண்ட்லைனுக்கு வரும் அழைப்புகளுக்கும் அந்தக் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச் 1 முதல் பூஜ்யமாக்கிவிட்டது. அதன் பிறகு நீங்கள் கூடுதலாகப் பேசும் ஒரு மணி நேரத்தால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். உங்களிடமிருந்து மாதந்தோறும் உறுதியாக வரும் 399 ரூபாயோ பெரிது.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 78. செல்போன் அவருக்குப் பழகவில்லை. லேண்ட்லைனில் இரவு 9 மணிக்கு மேல் பேசினால் இலவசம் என்று நம்பி, அந்த நேரத்தில்தான் எல்லோரையும் அழைக்கிறார். பில் மட்டும் குறைந்தபாடில்லை. அவருக்கு அன்லிமிடெட் திட்டம் போட்டுவிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: மாமனார் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2015 மே 1 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை லேண்ட்லைன் அழைப்புகளை இலவசமாக்கியது. அடுத்த ஆண்டு சுதந்திர தினத்தன்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதில் சேர்த்தது. 2018-இல் இரவுச் சலுகையை 10.30 முதல் காலை 6 மணி வரை என்று சுருக்கிவிட்டார்கள். 78 வயதில் யார் இரவு பத்தரைக்கு மேல் விழித்திருந்து போன் பேசுவார்கள்? அவருடைய அழைப்பு விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, 9 மணிக்கும் 10.30-க்கும் இடையே யூனிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பில் குறையாத மர்மம் பெரும்பாலும் அங்கேயே விளங்கிவிடும்.

திட்டத்தை மாற்றுவதற்கு முன் இன்னொன்றைச் செய்து பார்க்கலாம். லேண்ட்லைனுக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. அவர் அழைக்கும் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோருடைய செல்போனிலும் அன்லிமிடெட் இருக்கும். அவர் ஒரு மணி அடித்துவிட்டு வைத்தால் அவர்கள் திருப்பி அழைத்துவிடலாம். நம் ஊருக்கு மிஸ்டு கால் புதிதல்ல. பெரியவர்களுக்கு இது கௌரவக் குறைவாகத் தோன்றும் என்றால், ஒவ்வொருவரும் ஒரு நாளை ஒதுக்கி அவர்களாகவே அழைப்பது இன்னும் நல்லது. அதன் பிறகும் மாதம் முன்னூறு யூனிட் வருமானால் அன்லிமிடெட் திட்டம் போடுவது சரிதான். டிராய் விதிப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு நிறுவனம் அதன் கட்டணத்தை உங்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் விரும்பினால் இடையிலேயே வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: ஃபைபர் இணைய இணைப்பு வாங்கினால் லேண்ட்லைன் அழைப்புகள் இலவசம் என்கிறார்களே, பழைய செம்புக் கம்பி இணைப்பை எடுத்துவிடலாமா?
– கோவை வாசகர்

பதில்: வீட்டுக்கு இணையம் எப்படியும் வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். 2020-இல் ஜியோ 399 ரூபாய்க்கும் பி.எஸ்.என்.எல். 449 ரூபாய்க்கும் அறிமுகப்படுத்திய தொடக்க நிலை ஃபைபர் திட்டங்களிலேயே உள்நாட்டு அழைப்புகள் அடங்கியிருந்தன. இணையத்துக்குக் கொடுக்கும் காசிலேயே பேச்சும் கிடைக்கும்போது, பேச்சுக்கென்று தனியாக ஒரு வாடகை எதற்கு? இணையம் தேவைப்படாத வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

விளம்பரத்தில் வராத ஒரு செய்தி உண்டு. செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்துவிடுவதால், ஊரே இருட்டில் கிடந்தாலும் அது பேசும். ஃபைபரில் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம்தான். கரண்ட் போனால் போனும் போகும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் அதற்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பழைய எண்ணையே தொடர முடியுமா என்பவற்றையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புகள் பொதுவாக அன்லிமிடெட்டில் அடங்கா.

கேள்வி: லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டியிருக்கிறது. அதனால் எஸ்.டி.டி. கட்டணம் விழுமா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: விழாது. 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட எண் முறை அது. எதிர்காலத்துக்குப் புதிய எண்கள் போதுமான அளவில் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். கட்டணத்தோடு அதற்குத் தொடர்பில்லை.