மன்னிப்புக் கேட்டது யார்?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். குடும்பத்தோடு அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் இருக்கிறேன். எச்-1பி விசா. கிரீன் கார்டுக்குப் பல வருடங்களாகக் காத்திருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், 16 வயது, அரசுப் பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். போன மாதம் ஒரு மேட்சுக்கு முன்னால் தேசிய கீதம் ஒலித்தபோது, இவளும் அணியில் உள்ள இரண்டு கறுப்பினப் பெண்களும் மண்டியிட்டுவிட்டார்கள். யாரோ எடுத்த படம் எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. வெளியே தலைகாட்ட முடியவில்லை. நாம் இங்கே விருந்தாளிகள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா? பிரச்சினை பெரிதாக வேண்டாம் என்று, வீட்டு லேப்டாப்பில் திறந்திருந்த அவளுடைய பள்ளி மெயிலிலிருந்து, ‘தோழிகளைப் பார்த்துத் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று கோச்சுக்கு நானே எழுதிவிட்டேன். அவரும் நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டார். இப்போது மகள் என்னோடு பேசுவதில்லை; தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். அந்தத் தோழிகளும் வீட்டுக்கு வருவதில்லை, ஒருவகையில் அது நல்லதுதான். பேச்சுச் சுதந்திரம் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர், ஊர் வெளியிடவில்லை.)

பதில்: தம்பி, முழுக் கடிதத்தையும் படித்தேன். தேசபக்தி பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று இன்னொரு பக்கம். அந்த மெயிலுக்கு ஒன்றரை வரிதான். வீட்டில் தீப்பிடித்ததே அந்த ஒன்றரை வரியில்தான் என்று உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

படிப்பு, கல்யாணம், வேலை என்று விஷயம் மாறும். ஆனால் பிள்ளைக்குப் பதிலாக அப்பா பேசிவிட்டு, ‘பிள்ளை என்னோடு பேச மாட்டேன் என்கிறது’ என்று எழுதும் கடிதம் இந்த மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. வழக்கமாக யாராவது வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அவள் பெயரில், அவள் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். பேப்பரில் செய்திருந்தால் இதற்குக் கள்ளக் கையெழுத்து என்று பேர்.

சரி, அதில் என்ன எழுதினீர்கள் என்று பார்ப்போம். ‘தோழிகளைப் பார்த்து.’ மண்டியிட்டது மூன்றே பெண்கள். ஒருத்தி உங்கள் மகள் என்றால் மிச்சம் யார்? கோச் படித்தவுடன் அந்த இரண்டு முகங்கள்தானே அவர் கண்முன் வந்திருக்கும்! பள்ளி உங்களை ஒன்றும் கேட்கவில்லை. கோச் மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. யாரும் கேட்காமலே, உங்கள் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இன்னொரு வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை அவள் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பெண்களுக்கு இது தெரிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரியாவிட்டால் எதற்காக வீட்டுக்கு வருவதை நிறுத்தப்போகிறார்கள்? மகள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள் என்று எழுதுகிறீர்கள். அணியில் யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல் அவள் தவித்துக்கொண்டிருப்பாளோ என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தீர்களா? அதற்குமேல் ‘நல்லதுதான்’ என்று வேறு எழுதுகிறீர்கள். உங்கள் சமையலறையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போன பிள்ளைகள், தம்பி அவர்கள். இரண்டகம் என்ற சொல்லை நீங்கள்தான் எடுத்தீர்கள்.

என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். செய்ய முடியாது. அதற்கு விலை உண்டு. இந்த மண்டியிடலைத் தொடங்கிவைத்த காலின் கெப்பர்நிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் சான் பிரான்சிஸ்கோ 49ers அணியின் குவாட்டர்பேக், அதாவது தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்துபவர். 2013இல் அணியை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். 2016 ஆகஸ்டில், தேசிய கீதத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமை காட்ட எழுந்து நிற்க மாட்டேன் என்று நிருபரிடம் வெளிப்படையாகவே சொன்னார். போலீஸ் துப்பாக்கியில் கறுப்பின இளைஞர்கள் சாவது அமெரிக்காவையே உலுக்கிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த சீசன் முடிந்து, 2017 மார்ச்சில் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அணி முதலாளிகள் கூடிப் பேசித் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று முறையிட்டார். 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. களத்துக்குத் திரும்பவே இல்லை. பேச்சுச் சுதந்திர விஷயத்தில் அந்த நாட்டின் அரசியல் சட்டம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியின் கையை அல்ல.

இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. அவர் முதலில் மண்டியிடவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார். அதைப் பார்த்து மனம் நொந்த நேட் போயர் என்ற முன்னாள் ராணுவ வீரர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தவர், அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கெப்பர்நிக் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். உட்கார்ந்திருப்பதைவிட மண்டியிடுவது மேல், செத்துப்போன தோழனின் கல்லறைக்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றார் போயர். 2016 செப்டம்பர் 1, சான் டியேகோவில் மேட்ச். கெப்பர்நிக் ஒரு காலை மடித்து மண்டியிட்டார். சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் மண்டியிட்டார். போயர் பக்கத்திலேயே, நெஞ்சில் கைவைத்து, நிமிர்ந்து நின்றார். அவர் நின்றார், இவர் மண்டியிட்டார்; இருவரும் ஒரே வரிசையில். ஒருவர் மற்றவர் சொன்னதைக் கேட்டிருந்தார்கள்.

நீங்கள் உங்கள் மகளிடம் ‘ஏன் செய்தாய்’ என்று கேட்டீர்களா? அவள் சொன்ன காரணம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்பின் தெரியாத ஒரு சிப்பாய்க்கு இருந்த பொறுமை பெற்ற தகப்பனுக்கு இல்லை.

அடுத்தது சட்டம். உங்கள் மகள் படிப்பது அரசுப் பள்ளி. முதலாளி கதை அங்கே செல்லாது. 1940களில் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டோம் என்றதால் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இதே மாதிரி வழக்கில் 1940இல் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றம், மூன்றே வருடத்தில் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. 1943 ஜூன் 14. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கர்களுக்கு அது கொடி நாள் வேறு. பெரிய அதிகாரியோ சின்ன அதிகாரியோ, ஒருவர் நம்பாததை நம்புவதாகச் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொள்ள வைக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நிர்வாகம், மேட்சில் மாணவர்கள் எழுந்து நின்றே ஆக வேண்டும் என்று விதி போட்டபோதும், 2017இல் அங்குள்ள நீதிமன்றம் மண்டியிட்ட மாணவன் பக்கம்தான் நின்றது.

போர் நேரத்தில்கூட அமெரிக்க அரசாங்கம் ஒரு பள்ளிப் பிள்ளையின் வாயில் திணிக்க முடியாத வார்த்தையை, நீங்கள் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து திணித்துவிட்டீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தது நீங்கள்.

டெக்சஸில் இன்னொரு சட்டம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். தினமும் பள்ளியில் சொல்லும் கொடி உறுதிமொழியிலிருந்து ஒரு பிள்ளைக்கு விலக்கு வேண்டுமானால், பெற்றோர்தான் எழுத்தில் கேட்க வேண்டும். அதாவது அந்த மாநிலமே, ‘உன் பிள்ளைக்காக எழுத வேண்டியிருந்தால் உன் பெயரில் எழுது’ என்கிறது. நீங்கள் அதை ஏன் செய்யவில்லை?

நம் பக்கத்திலும் இப்படி ஒரு தகப்பன் இருந்தார். கேரளத்தில் 1985இல், பள்ளியில் ஜன கண மன பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளை வெளியேற்றினார்கள். அவர் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசினார். பலனில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்றுத் தருகிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று முடித்தார். நான் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பவள், இனியும் நிற்பேன். ஆனாலும் அந்தத் தகப்பனைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

விருந்தாளி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விருந்தாளி என்பது சரி, விசாவில் இருக்கிறீர்கள். அவள் விருந்தாளி இல்லை. அங்கே பிறந்தவள், அந்த நாட்டுக் குடிமகள், அந்த வீட்டுப் பெண். வீட்டுப் பெண் வீட்டில் நடப்பதைக் குறை சொல்லத்தான் செய்வாள். நீங்கள் இருக்கும் நிலையில் உங்கள் மகளையும் வைத்துப் பார்ப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

கிரீன் கார்டு பயம் எனக்குப் புரிகிறது. அது சின்ன பயம் இல்லை. விசா விவகாரத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவைக் கேட்காதீர்கள். மகளிடம் போய், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, இத்தனை வருஷம் வரிசையில் நின்றுவிட்டேன்’ என்று சொல்லுங்கள். பயத்துக்கு தேசபக்தி வேஷம் போட்டுக்கொண்டு போனால் 16 வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

அவள்மேல் எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்யப்போகிறவள், முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அனுமதி கேட்க அல்ல. அப்பாவும் அம்மாவும் வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது, அது குடும்பத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமை. இதை அவளிடம் தாராளமாகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் உங்கள் காரியத்தை முடித்த பிறகு.

1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக் மேடைப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டரில் தங்கமும் வெண்கலமும் வென்ற டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் கறுப்புக் கையுறை போட்ட கையைத் தூக்கி, தலை குனிந்து நிற்பார்கள். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியக்காரர் பீட்டர் நார்மன் கையைத் தூக்கவில்லை, நேராக நிற்கிறார். உற்றுப் பார்த்தால் அவர்கள் இருவரும் குத்தியிருக்கும் மனித உரிமை பேட்ஜ் அவர் நெஞ்சிலும் இருக்கும். கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார். மற்ற இருவரையும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். நார்மன், ‘அவர்களைப் பார்த்துத் தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று யாருக்கும் எழுதவில்லை. 2006இல் அவர் இறந்தபோது, ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். அந்த மாதிரி இரண்டு தோழிகள் உங்கள் மகளுக்குக் கிடைத்திருந்தார்கள்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த மேட்சுக்கு முன்னால் கோச்சுக்கு ஒரு மெயில் எழுதுங்கள், உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் பெயரில். ‘அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியது நான், என் மகளுக்குத் தெரியாது, அதில் தோழிகளைப் பற்றி இருந்தது உண்மையல்ல’ என்று மூன்று வரி போதும். சுற்றி வளைக்க வேண்டாம், பெற்ற மனம் அது இது என்று சேர்க்க வேண்டாம். அனுப்பும் முன்னால் மகளிடம் காட்டுங்கள். அவள் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அப்புறம் அந்த இரண்டு பெண்களின் பெற்றோருக்கும் போன் போட்டு இதையே சொல்லுங்கள். அது கஷ்டமாகத்தான் இருக்கும். மனைவியைப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள்.

மகள் உடனே பேசிவிட மாட்டாள். அதற்காக மறுநாளே எனக்கு எழுதாதீர்கள். அந்த லேப்டாப்பிலிருந்து அவள் கணக்கை இன்றைக்கே மூடிவிடுங்கள்; பாஸ்வேர்டை அவள் மாற்றிக்கொள்ளட்டும், புதிது என்ன என்று கேட்காதீர்கள்.