பசிக்கு எதற்குப் பின்கதை?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினோரு வயது. டிராகன் பால் என்ற ஜப்பானியக் காமிக்ஸ் மீது பைத்தியம். அதில் வரும் செல் என்ற பூச்சி வடிவ வில்லனைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து தள்ளுகிறான். அப்படி என்னதான் இருக்கிறது என்று செல் வரும் பகுதிகளை மட்டும் நானும் படித்தேன். ஓவியம் நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டங்களின் தொடர்ச்சி பல இடங்களில் குழப்பியது. பாத்திரத்தில் ஆழமே இல்லை. ஏன் அப்படி ஆனான், சின்ன வயதில் அவனுக்கு என்ன நேர்ந்தது, ஒன்றுமே சொல்லப்படவில்லை. வாலால் குத்தி மற்றவர்களின் ஆற்றலை உறிஞ்சுகிறான், வலிமையாகிறான், அவ்வளவுதான். அமெரிக்கக் காமிக்ஸில் அன்னிஹிலஸ் என்றொரு பூச்சி வில்லன் உண்டே, இவன் அவனுடைய நகலா? பிள்ளைகள் இதையெல்லாம் படிக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் இடமிருந்து வலமாகப் படித்திருக்கிறீர்கள். ஜப்பானியக் காமிக்ஸ் வலமிருந்து இடமாகப் போகும். மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்து அறையில் இருக்கும் பையனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். அவனிடம் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

பிள்ளைகள் படிக்கலாம். அன்னிஹிலஸ் 1968ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் வரிசையில் கொண்டுவந்த ஆள். பூச்சி ஓடு, சிறகு எல்லாம் உண்டு. ஆனால் அவனுடைய சக்தி அவன் சுமந்து திரியும் ஒரு கோலில் இருக்கிறது. அதைப் பறித்தால் கதை முடிந்தது. செல்லிடமிருந்து அப்படிப் பறிக்க ஒன்றும் இல்லை. நகல் என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம்.

என்னைப் பதில் எழுத வைத்தது வேறொரு வரி. "சின்ன வயதில் அவனுக்கு என்ன நேர்ந்தது?" இந்தக் கேள்வியோடு நான் சில காலமாகவே மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் கைப்பிரதிகளை அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு கொலைகாரன். நாற்பதாம் பக்கம் வந்ததும் அவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுகிறார். ஏன் என்று கேட்டால், பாத்திரத்துக்கு ஆழம் வேண்டாமா சார் என்கிறார்கள். தீமைக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் இணைத்தால் அது ஆழமாகிவிடும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பெல்ட் அடி வாங்கி வளர்ந்து, கடைசிவரை ஒரு எறும்பையும் மிதிக்காமல் செத்துப்போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஒருவரும் நாவல் எழுதுவதில்லை.

செல்லுக்கு அம்மா அப்பா கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, அவமானம் கிடையாது. ஆய்வகத்தின் நிலவறையில் ஒரு கணினி அவனைப் பல ஆண்டுகள் வளர்க்கிறது. கதாநாயகன் கோக்கு, வெஜிட்டா, பிக்கலோ, ஃபிரீசா என்று கதையில் வரும் வலிமையான பலருடைய உடலணுக்களையும் திருடிவந்து சேர்த்தது பூச்சி அளவேயான ஓர் உளவு எந்திரம். இதையெல்லாம் செல்லே ஓரிடத்தில் விளக்குகிறானே, அது பின்கதை இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை, அது சமையல் குறிப்பு. என்னென்ன போட்டார்கள் என்று சொல்கிறது. ஏன் கொல்கிறான் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. வன்மம் இருந்தது அவனை உருவாக்கிய டாக்டர் கெரோவுக்கு. ரெட் ரிப்பன் படையைக் கோக்கு அழித்த ஆத்திரம். அந்தக் கெரோவையோ, செல் மேடைக்கு வருவதற்கு முன்பே, அவர் செய்த 17ஆம் எண் செயற்கை மனிதன் கொன்றுவிடுகிறான். வன்மம் செத்துவிட்டது, பசி மட்டும் மிச்சம்.

அந்தப் பசிக்கு உருவம் கொடுக்க, டிராகன் பாலை எழுதி வரைந்த அகிரா தொரியாமா பூச்சியிடம் போனதுதான் விஷயம். முதலில் நாம் செல்லைப் பார்ப்பதில்லை. பாசி படிந்த ஒரு கால இயந்திரம். அருகில், முதுகு பிளந்த பெரிய கூடு ஒன்று காலியாகக் கிடக்கிறது. கோக்குவின் மகன் கோஹானும் கூட்டாளிகள் புல்மாவும் ட்ரங்க்ஸும் அதை வெறித்துப் பார்க்கிறார்கள். கோடைதோறும் மரத்தண்டுகளில் சிள்வண்டு விட்டுப்போன தோலைப் பொறுக்கி விளையாடும் ஜப்பானியக் குழந்தைக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிள்வண்டின் இளம்புழு பல ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்து வேரின் சாற்றை உறிஞ்சுகிறது. பிறகு மேலே ஏறி, தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. செல்லும் முட்டையாகச் சுருங்கி எதிர்காலத்திலிருந்து வந்தவன், மண்ணுக்குள் சில ஆண்டுகள் கிடந்தவன். அந்தத் தோலைப் பார்க்கும்போது வாசகருக்கு ஒன்றுதான் தோன்றும்: உள்ளே இருந்தது இப்போது எங்கே?

அடுத்து ஜிஞ்சர் டவுன். தெரு முழுக்கச் சட்டையும் கால்சட்டையும் காலணியும் கிடக்கின்றன, மனிதர்கள் இல்லை. பிக்கலோ வந்து இறங்குகிறான். செல் ஒரு மனிதனை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பிக்கலோவின் கண்ணெதிரிலேயே வால்முனையைச் செருகுகிறான். மனிதன் வற்றிக்கொண்டே போய்க் கடைசியில் உடை மட்டும் தரையில் சரிகிறது. அடுத்துப் பிக்கலோவின் கையிலேயே வால் பாய்கிறது. கை சுள்ளியாகிவிடுகிறது. அவன் தோற்றுவிட்டதுபோல நடித்துச் செல்லின் வாயிலிருந்து எல்லாவற்றையும் கறந்துவிட்டு, வற்றிய கையைத் தானே பிய்த்தெறிந்து புதிய கையை முளைக்க வைக்கிறான். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டா "உறிஞ்சுகிறான், வலிமையாகிறான், அவ்வளவுதான்" என்று எழுதினீர்கள்?

உங்கள் மகனின் வயதில் எனக்கு ஒரு குளவிக்கூட்டின் மீது கண். எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தில் இருந்தது. புழுவைப் பிடித்துவந்து கூட்டில் அடைத்துக் குளவி கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்று பாட்டி சொல்வாள். குரு சீடனை ஆட்கொள்வதற்கு உபந்நியாசகர்கள் இன்றும் சொல்லும் உதாரணம்தான். பார்த்தே தீருவது என்று ஒரு மத்தியானம் கூட்டைப் பெயர்த்தேன். உள்ளே நான்கைந்து பச்சைப் புழுக்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. செத்திருக்கவில்லை, ஈர்க்குச்சியால் தொட்டால் வால் நுனி மட்டும் லேசாகத் துடித்தது. ஒன்றின் விலாவில் வெள்ளையாக இன்னொரு சின்னப் புழு வாய் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை. பாட்டியிடம் ஓடிப்போய், "நீங்கள் சொன்னது பொய், குளவிக்குஞ்சு புழுவைத் தின்கிறது" என்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்படியானால் என்ன, கடைசியில் குளவிதானே வெளியே வருகிறது?" என்றாள்.

செல்லை முதலில் படித்தபோது எனக்கு அந்த வெள்ளைப் புழுதான் தெரிந்தது. அதற்குப் பச்சைப் புழுவின் மீது கோபம் இல்லை. கோபம் இருந்தால் பேசிப் பார்க்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். நியாயம் பேச இடமே இல்லாத வாயின் முன்னால் நிற்பதுதான் அச்சம். அதற்கு ஒரு துயரக் குழந்தைப் பருவத்தை ஒட்டவைக்கச் சொல்கிறீர்கள் நீங்கள்.

இவனைத் தொரியாமா திட்டமிட்டுச் செய்யவும் இல்லை. அவரே பேட்டிகளில் சொன்ன கதை இது. 19, 20 என்ற இரண்டு செயற்கை மனிதர்களைத்தான் முதலில் எதிரிகளாக வைத்திருந்தார். ஒரு கிழவன், ஒரு குண்டன், இவர்களா வில்லன்கள் என்று அவருடைய பழைய பதிப்பாசிரியர் தொரிஷிமா குறைசொன்னார். 17, 18 வந்தார்கள். இதுவும் வெறும் சிறுவர்கள்தானே என்றார். செல் வந்தான். இப்போது அன்றைய பதிப்பாசிரியர் கொண்டோ, இவன் அசிங்கமாக இருக்கிறான், உருமாறுவானா என்றார். மாறினான். இரண்டாவது உருவம் மடையன்போல் இருக்கிறது என்றார். அதனால் மூன்றாவது வந்தது, அழகாக.

அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். 17ஐயும் 18ஐயும் விழுங்கி முழுமை அடைந்ததும் வால் முதுகுக்குள் போய்விடுகிறது, முகம் மனித முகமாகிறது, பசி தீர்ந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்கிறான் பாருங்கள். தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய், பத்து நாள் கழித்துப் போட்டி, வாருங்கள் என்று அறிவிக்கிறான். தானே கல் வெட்டி மேடை கட்டிக்கொண்டு நடுவில் கைகட்டி நிற்கிறான். பொழுது போகவில்லை, பாவம். உலகையே நடுங்க வைத்தவன் விழா அமைப்பாளர் ஆகிவிட்டான்.

அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு நல்லவர்கள் என்பதையும் கவனித்திருக்க மாட்டீர்கள். முழு வலிமையோடு மோத வேண்டும் என்ற திமிரில் வெஜிட்டா வழிவிடுகிறான். 18 ஒரு பெண்; அவளைச் செயலிழக்கச் செய்யும் கருவி கோக்குவின் நண்பன் க்ரிலினின் கையில் இருக்கிறது. அவள்மேல் மனம் போய்விட்டதால் பொத்தானை அமுக்காமல் கருவியைக் காலால் மிதித்து உடைக்கிறான். நீங்கள் தேடிய ஆழம் இங்கே இருந்தது. வில்லனின் தொட்டிலில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கோஹானிடம் அடி வாங்கி 18ஐக் கக்கிவிட்டுப் பழையபடி அரைகுறையாக நிற்கும் சில பக்கங்களில் என் செல் திரும்பி வந்தான். ஆனால் நிலைக்கவில்லை. தன்னையே வெடித்துக்கொண்டு, மிஞ்சிய ஓர் அணுவிலிருந்து மறுபடி முழுமையாகத் திரும்புகிறான், இந்த முறை 18 இல்லாமலேயே! அப்படியானால் ஜிஞ்சர் டவுனில் அத்தனை பேர் எதற்காக வற்றிப்போனார்கள்? இதற்கு அவன் சொல்லும் விளக்கத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தொரியாமா 2024 மார்ச்சில் காலமாகிவிட்டார். உங்கள் மகனிடம் கேளுங்கள், அவனிடம் ஒரு பதில் இருக்கும். அதை அவனையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.