பூங்கா ஊழியர் பயிற்சி: டர்பன் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், பொது நீச்சல் குளங்களில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை; வெளியூர்த் தொழிலாளி ஒருவரின் கேள்வியும் உண்டு. பதில் சொல்பவர் இந்த ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தும் அக்கா.

சாட்ஸ்வொர்த், சூப்பர்வைசர்: அக்கா, எங்கள் ஆட்கள் எல்லாரும் வீட்-ஈட்டர் (கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரம்) பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கல் தெறித்துக் கார் கண்ணாடி உடைகிறது, கண்ணில் அடிபடுகிறது. மறுபடியும் அனுப்பவா?

அதே வகுப்புக்கு அனுப்பாதீர்கள் தம்பி. நாள் முழுக்க ஸ்லைடு பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிய சான்றிதழ், அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் சொல்லும். நீங்களே புல்வெளியில் நிறுத்திப் பாருங்கள். வேலை தொடங்குமுன் கல், பாட்டில், கம்பி பொறுக்கினாரா? சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் வந்தால் இயந்திரத்தை நிறுத்துகிறாரா? சாலையோரம் வெட்டும்போது கூட ஒருவர் தடுப்பு வலை பிடிக்கிறாரா? வலை இல்லாத டீமில்தான் கார் கண்ணாடிச் செலவு ஏறும்.

கண்ணுக்கு: முகத்திரை மட்டும் போட்டால் கீழிருந்து தெறிக்கும் துகள் உள்ளே ஏறிவிடும். அதற்கு உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். நைலான் நரம்பு தீர்ந்ததும் இரும்புக் கம்பி சுற்றுகிற பழக்கம் எங்கேயாவது இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். கம்பி அறுந்தால் அது தோட்டாதான். இரும்புப் பிளேடு போட்டிருந்தால் அதன் முன்பக்க வலது கால்வட்டம் (வட்டத்தின் நாலில் ஒரு பங்கு) கட்டையில் படக்கூடாது. அங்கே பட்டால் இயந்திரம் முழுவதும் பக்கவாட்டில் உதைத்துத் திரும்பும்.

எரிபொருள் கலவையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். 50க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். கண்ணளவில் ஊற்றினால், குறைந்தபோது பிஸ்டன் கீறும், கூடினபோது பிளக் அடைக்கும். இயந்திரம் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இத்தனையையும் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வரியாக எழுதி, ஒவ்வொருவராக நிறுத்தி டிக் போடுங்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் போய் அதே தாளை வைத்துப் பாருங்கள். இரண்டாவது தாளில் டிக் விழாத வரிதான் உங்கள் அடுத்த பயிற்சி.

வெருலம், கோவில் கமிட்டி: எங்கள் வளாகத்தில் குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கிறது. தோட்ட வேலை செய்பவரே தினமும் பார்த்துக்கொள்ளலாமா? அவருக்கு என்ன கற்றுத்தர வேண்டும்?

தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். ஐரோப்பாவின் இஎன் 1176 தரம் பரிசோதனையை மூன்றாகப் பிரிக்கிறது. உடைந்தது, கண்ணாடித்துண்டு, காணாமல் போன போல்ட் போன்றவற்றைப் பார்க்கும் அன்றாடப் பார்வை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்மானம், உறுதி பார்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை அஸ்திவாரம் வரை முழுப் பரிசோதனை. முதலாவது உங்கள் ஆளுக்கு, இரண்டாவது பயிற்சி பெற்றவருக்கு, மூன்றாவது வெளியிலிருந்து வரும் தகுதியான பரிசோதகருக்கு.

கற்றுத்தருவதில் முதல் இடம் சிக்கல் இடைவெளிக்கு. குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் சந்துதான் கழுத்தை நெரிக்கிறது. பிளைவுட்டில் 89 க்கு 157 மில்லிமீட்டரில் ஒரு செவ்வகமும் 230 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டமும் வெட்டிக் கொடுங்கள். தரையிலிருந்து 600 மில்லிமீட்டருக்கு மேலே உள்ள எந்த மூடிய சந்திலும் செவ்வகம் நுழைந்தால் வட்டமும் நுழைந்தாக வேண்டும். செவ்வகம் போய் வட்டம் போகாவிட்டால் ஆபத்து. செவ்வகமே போகாவிட்டால் பரவாயில்லை. விரலுக்கும் இதே கணக்கு: 8 மில்லிமீட்டர் கம்பி நுழையும் ஓட்டையில் 25 மில்லிமீட்டர் கம்பியும் நுழைய வேண்டும்.

அடுத்தது, கீழே கொட்டும் மணலின் ஆழம். 2 மீட்டர் உயரம் வரை விழக்கூடிய இடத்தில் 300 மில்லிமீட்டர், 3 மீட்டருக்கு 400. இதில் 100 மில்லிமீட்டர், கால் பட்டு ஒதுங்கிப்போவதற்கான கணக்கு. தூணில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் நாடா பிடித்து அளக்க வேண்டாம். கோட்டுக்குக் கீழே மணல் இறங்கினால் நிரப்புவது. ஊஞ்சலின் கீழும் சறுக்குமரத்தின் வாயிலும்தான் முதலில் குழி விழும். சனி ஞாயிறு கூட்டம் போன பிறகு, திங்கள் காலையில் வாரி இழுத்துவிட வேண்டும். மலிவு என்று கட்டட மணல் கொட்டுவார்கள். அதில் களிமண் இருந்தால் ஒரு மழைக்கே இறுகிவிடும், பிறகு அது தரைதான். ஊஞ்சல் பலகைக்கும் தரைக்கும் 350 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மணலை அளவுக்கு மீறிக் கொட்டினால் இது குறையும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மரத்தூண் அழுகுவது மண்மட்டத்தில். 15 சென்டிமீட்டர் தோண்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே பொத்தலாக இருக்கும். கடற்காற்று படும் இடமென்றால் சங்கிலி மாட்டும் வளையத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேய்வது உட்பக்கம்.

ஒன்று பழுதென்றால் சிவப்பு-வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போகாதீர்கள். நாடாவைக் கண்டாலே பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். ஊஞ்சலைக் கழற்றி எடுத்து உள்ளே வையுங்கள், தேதியோடு எழுதுங்கள்.

பீனிக்ஸ், நீச்சல் குளப் பொறுப்பாளர்: குளோரின் சோதனையில் பூஜ்யம் காட்டுகிறது என்று எங்கள் பையன் இன்னும் ஒரு வாளி போட்டான். பிறகு எல்லாருக்கும் கண் எரிச்சல். சோதனை மாத்திரை கெட்டுப்போய்விட்டதா?

மாத்திரை சரியாகத்தான் இருந்திருக்கும். டிபிடி என்ற இந்த நிற மாத்திரை முறையில் குளோரின் மிக அதிகமாக, 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு) மேல் இருந்தால், இளஞ்சிவப்பு நிறம் தோன்றிய உடனே வெளுத்துவிடும். பார்க்கிறவருக்கு அது பூஜ்யம். ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு பங்கு குளத்து நீர் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் உண்மை தெரியும். மாத்திரை விழுந்த நொடியில் ஒரு சிவப்பு மின்னி மறைகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

தனிக் குளோரின் (எதோடும் சேராமல் மிஞ்சியிருப்பது) 1 முதல் 3 பிபிஎம், பிஎச் (நீரின் அமில-கார அளவு) 7.2 முதல் 7.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் 8க்கு ஏறினால் கிருமியைக் கொல்லும் வடிவில் குளோரின் கால்வாசிதான் மிஞ்சும். அப்போது பொடியைக் கூட்டிப் பயனில்லை, முதலில் பிஎச்சைத்தான் இறக்க வேண்டும். இன்னொன்று, மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ வந்தால் குளோரின் கூடுதல் என்று நினைக்கிறார்கள். அந்த வாடை வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரினிலிருந்து வருவது. புதுத் தண்ணீரும் ஷாக் டோஸும் (ஒரே தடவையில் போடும் கூடுதல் குளோரின்) கேட்கிறது குளம்.

ஸ்டோர் ரூமுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எச்டிஎச் போன்ற கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒரு பக்கம், மிதவையில் போடும் டிரைகுளோர் மாத்திரை வேறு பக்கம், ஆசிட் வேறு அறையில். ஒவ்வொன்றுக்கும் தனி அகப்பை. முதல் இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகே பொடி. பொடியின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தோங்காட், தோட்டக் குழு: உண்ணிச்செடியை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. இதற்கெல்லாம் பயிற்சி உண்டா?

உண்டு, அவசியமும் கூட. உண்ணிச்செடி 2004ஆம் ஆண்டின் 10ஆம் எண் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகளில் 1பி பிரிவில் இருக்கிறது. அதாவது நில உரிமையாளர் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் வெட்டி, வெட்டுப் பரப்பில் களைக்கொல்லியைச் சில நிமிடத்துக்குள் பூச வேண்டும். காலையில் வெட்டி டீ குடித்துவிட்டு வந்து பூசினால், வெட்டுவாய் மூடியிருக்கும், மருந்து வேருக்கு இறங்காது. ஒருவர் வெட்ட ஒருவர் பூச என்று ஜோடியாக விடுங்கள். மருந்தில் சாயம் கலந்தால் விட்டுப்போன கட்டை தெரியும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை டப்பா லேபிள் சொல்லும், பழக்கம் சொல்லக்கூடாது. தொழிலாக மருந்து அடிப்பவர் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

சிரிங்கா மரத்தை வேம்பு என்று நினைத்து நம்மவர்கள் கும்பிட்டு வளர்ப்பதும் உண்டு. அது மலைவேம்பு, அதுவும் பட்டியலில் உள்ள அந்நிய மரம்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மனிதவளப் பிரிவு: பயிற்சிச் செலவை லெவியிலிருந்து (பயிற்சிக்காக முதலாளி கட்டும் வரி) திரும்பப் பெற முடியுமா?

ஆண்டுச் சம்பளச் செலவு 500,000 ரேண்டைத் தாண்டினால் அதில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு லெவி கட்டுகிறீர்கள். அதில் 20 சதவீதம் கட்டாய மானியமாகத் திரும்பும், ஏப்ரல் 30க்குள் வேலையிடத் திறன் திட்டமும் ஆண்டுப் பயிற்சி அறிக்கையும் உங்கள் சீட்டாவுக்கு (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) போய்ச் சேர்ந்தால். நகராட்சிகளுக்கு எல்ஜிசீட்டா. தேதி தவறினால் அந்த ஆண்டுப் பணம் போனதுதான். திட்டத்தில் “பாதுகாப்புப் பயிற்சி” என்று மொட்டையாக எழுதாதீர்கள், எந்த வேலை, எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

லெனேசியா (ஜோகன்னஸ்பர்க் பக்கம்), தொழிலாளி: அக்கா, நான் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கவில்லை. பல வருட அனுபவத்துக்குச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும் வழி ஆர்பிஎல், முன் கற்றலை அங்கீகரிப்பது. வேலை செய்யும் படங்கள், சூப்பர்வைசர் கடிதம், பழைய பயிற்சித் தாள்கள் எல்லாம் ஒரு ஃபைலில் சேருங்கள். மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டவும் வேண்டும். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்துக்கு, நீங்கள் கேட்கும் அதே தகுதிக்கு, கியூசிடிஓவின் (தொழில் தகுதிகளுக்கான அரசு அமைப்பு) அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். லோகோவை நம்பாதீர்கள்.

சாட்ஸ்வொர்த், வேறொருவர்: முதலுதவி எத்தனை பேருக்குக் கற்றுத்தர வேண்டும்?

பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 50 பேருக்கு ஒருவர் என்பது சட்டம். சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். ஆனால் பூங்கா ஆட்கள் நாலைந்து பேராகப் பக்கியில் (பின்னால் திறந்த சிறு வண்டி) ஏறி ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். டிப்போவில் இருக்கும் முதலுதவிக்காரரால் அவர்களுக்குப் பயனில்லை. பக்கிக்கு ஒருவர் என்று கணக்கு வையுங்கள், பெட்டியும் வண்டியிலேயே இருக்கட்டும். உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இசிசூலு (சூலு மொழி) பேசுபவர்களாக இருப்பார்கள். வகுப்பையும் அந்த மொழியில் வையுங்கள். காயம் பட்டால் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டப்படி ஏழு நாளுக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவம் யாரிடம் இருக்கிறது என்பதை முதலுதவி வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.