கொம்பனி சேர்விஸ் பில் ஏன் இவ்வளவு? யாழ்ப்பாணத்தில் வெளிக் கராஜில் விட்டால் கார் பழுதாகுமா?

வாரண்டி முடியாத புதுக் கார் என்றால் கொம்பனியை (கார் ஏஜென்றின் கராஜை) விடாதேங்கோ. றீக்கண்டிஷன் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பில்லை ஏற்றுவதில் பெரும் பங்கு கூலிக்கு. மெக்கானிக் நின்ற நேரத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே குறித்த நேரத்துக்குத்தான் காசு. முன் பிரேக் பாட்டும் டிஸ்க்கும் சேர்த்து மாற்றினால், சில்லுக் கழற்றும் கூலி இரண்டு தரம் ஏறியிருக்கலாம். எஸ்டிமேட் தரும்போதே அதைக் கேளுங்கோ. இதற்கு மேல் 18 வீத வற்.

எஞ்சின் ஃபிளஷ் (எஞ்சின் உள்ளே கழுவுவது) ஒயில் ஒழுங்காக மாற்றும் காருக்கும், இன்ஜெக்டர் கிளீனிங் (பெற்றோல் தெளிக்கும் பாகத்தைத் துப்புரவாக்குவது) குறை காட்டாத காருக்கும் வழமையாகத் தேவையில்லை. செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜொப் காட்டிலேயே வெட்டச் சொல்லுங்கோ. ஒயில் அளவும் முக்கியம்: முதல் மொடல் ரொயோட்டா அக்வாவுக்குப் பில்ற்றரோடு 3.7 லீற்றர், 0டபிள்யூ-20 ரக ஒயில். 5 லீற்றர் எழுதியிருந்தால் சும்மா கட்டாதேங்கோ.

ஒயில், பில்ற்றர், பிளக், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) எல்லாம் நல்ல வெளிக் கராஜில் தாராளமாகச் செய்யலாம். கொம்பனியில் சில்லைத் தாங்கும் லோவர் ஆர்ம் முழுவதையும் மாற்றச் சொல்லும் இடத்தில், அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் உள்ள கராஜ் புஷ்ஷை மட்டும் மாற்றித் தரும். பிரேக் கீச்சிட்டால் உடனே பாட் வாங்க வேண்டாம். எங்கள் செம்மண் தூசியில் கலிப்பர் (பாட்டை அழுத்தும் பாகம்) நகரும் பின் காய்ந்து இறுகிவிடும், உள்பக்கப் பாட் மட்டும் தேயும். பின்னைத் துடைத்து சிலிக்கோன் கிறீஸ் பூசச் சொல்லுங்கோ. 3 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்தால் பாட் மாற்றத்தான் வேணும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றவே கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி, கேத்தலில் பிடிக்கிற காவி உள்ளேயும் பிடிக்கும். பிறகு எஞ்சின் சூடேறி, ஹெட் காஸ்கெட் (எஞ்சின் தலைக்குக் கீழுள்ள சீல்) வரை செலவு போகும். கூலன்ட்தான் ஊற்ற வேணும்.

ஹைபிரிட் பற்றரி முழுதாக மாற்ற வேணும் என்றால் சம்மதிக்க முதல் இரண்டு விஷயம். பின் சீற்றுக்குக் கீழே காற்று இழுக்கும் துவாரமும் ஃபானும் தூசியால் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பியுங்கோ, பற்றரி சூடாக அதுவே பெரிய காரணம். அடுத்தது, ஸ்கானரில் பற்றரியின் ஒவ்வொரு புளொக்கின் (மொடியூல் தொகுதியின்) வோல்ற்றேஜையும் அச்சடித்து வாங்குங்கோ. ஒரு புளொக் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் புளொக்கின் மொடியூலை மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் மற்றவையும் பழையவை என்பதால் நீண்ட காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. உயர் வோல்ற்றேஜ் ஓடும் செம்மஞ்சள் வயரைப் பழகாத கை தொடக்கூடாது, உயிராபத்து.

எயார்பாக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் முறை) வேலைகளைக் கொம்பனிக்கே கொண்டுபோங்கோ.

சாமான் நீங்களே வாங்கினால் செசி நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்து, இங்கேயும் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் விலை கேளுங்கோ. எங்கே செய்தாலும் கழற்றிய பழைய சாமானை டிக்கியில் போடச் சொல்லி, பில்லோடு ஒத்துப் பார்த்த பிறகு காசைக் கட்டுங்கோ.