உறிஞ்சுகிற 'நாம்' யார்?

கேள்வி: புலி, நாய், பூனை எல்லாம் நக்கிக் குடிக்கின்றன. பசு, ஆடு, குதிரை உறிஞ்சிக் குடிக்கின்றன. நாமும் உறிஞ்சித்தான் குடிக்கிறோம். ஆக, மனிதன் பிறவியிலேயே சைவம் என்பது உறுதிதானே? (வாசகர், திருமங்கலம்)

பதில்: யார் அந்த 'நாம்'? உசிலம்பட்டியில் அப்பத்தா வீட்டுச் சொம்பில் வாய் வைத்து உறிஞ்சியிருந்தால் சொம்புக்குப் புளி, எனக்கு வசவு. "சப்பாமக் குடிடா, எச்சிப் பண்ணாத!" தலையைப் பின்னால் சாய்த்து, சொம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மூச்சை அடக்கி, அண்ணாந்து குடிக்க வேண்டும். பழகும்வரை பாதித் தண்ணீரைச் சட்டைதான் குடிக்கும். இன்றும் மாட்டுத்தாவணியில் கிளம்பிய பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, பாட்டிலைத் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிக்கும் பெரியவர்களைப் பார்க்கிறேன். நான் சிந்துவேன். புரையேறும். "யாரோ நினைக்கிறாங்க" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். நான் கதையைத் திருப்பி அனுப்பிய எழுத்தாளர் யாராவது இருக்கும்.

உங்கள் கணக்கில் அண்ணாந்து குடிக்கிறவனை எந்தத் தொழுவத்தில் கட்டுவது? எனக்குத் தெரிந்து நம் கூட்டாளி கோழிதான். கொட்டாங்கச்சித் தண்ணீரில் அலகை நனைக்கும், தலையைத் தூக்கும், தொண்டை அசையும், மறுபடி குனியும். அது தானியத்தையும் கொத்தும், புழுவையும் விடாது. (புறா அப்படியில்லை. குனிந்தபடியே உறிஞ்சிவிடும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாயும் புலியும் நக்கக் காரணம் கன்னம். இரையைக் கவ்வுவதற்காக வாய் பின்னால் நெடுகப் பிளந்திருக்கிறது. கன்னத்தை இறுக்கி நீரை இழுக்க வழியில்லை. குட்டியாக இருக்கையில் தாய்ப்பாலை உறிஞ்சியவைதான் அவையும். வளர்ந்த நாய் நாக்கைப் பின்பக்கமாகக் கரண்டிபோல் மடக்கித் தண்ணீரை மேலே இழுக்கிறது. பூனையின் வேலை இன்னும் சுத்தம். நாக்கு நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு இழுக்கும். கூடவே எழும் நீர்க்கம்பம் சரிவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். நொடிக்குச் சுமார் 4 தடவை. எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டையில் இருப்பதைச் சொல்லவில்லை, அமெரிக்காவில் இருப்பது) ஒருவர் தன் வீட்டுப் பூனையைப் பார்த்துத் தொடங்கிய ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. நாமோ பூனையைக் கண்டால் பால் பாத்திரத்தை மூடுவதோடு சரி.

முயலும் நக்கித்தான் குடிக்கிறது. எந்தக் கறிக்கடை வரிசையில் அது நிற்கிறது? பன்றி உறிஞ்சுகிறது, ஆனால் எதைத் தின்னாமல் விட்டது? சிம்பன்ஸி உதட்டைக் குவித்து உறிஞ்சும், குரங்கை வேட்டையாடியும் தின்னும்.

நாம் வாய் வைத்து உறிஞ்சும் இடமும் உண்டு. ஜிகர்தண்டாவை அண்ணாந்து குடித்த மதுரைக்காரரை நான் பார்த்ததில்லை. மேலே ஐஸ்கிரீம், அடியில் பாதாம் பிசின். கிளாஸில் உதட்டைப் பதித்தால்தான் வழிக்கு வரும். அதில் ஸ்ட்ராவைச் செருகுகிறவர்களைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி, மூன்று கடைக்காரர்கள் என்னோடு பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம். பிசின் அடைத்த ஸ்ட்ராவோடு மல்லுக்கட்டுகிறவர் கன்னத்தைப் பாருங்கள், பாவமாக இருக்கும்.

கறி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஆள் வேண்டுமானால் வள்ளுவர் இருக்கிறார். புலால் மறுத்தல், குறள் 255. ஊன் தின்றவனை விழுங்கிய நரகம் அவனை வெளியே விட வாய் திறக்காது என்கிறார். எந்த விலங்கின் நாக்கையும் அவர் சாட்சிக்கு இழுக்கவில்லை. அங்கே வாய் திறப்பதற்கு அவர் போட்ட சொல் 'அண்ணாத்தல்'. நம் 'அண்ணாந்து' அந்தக் குடும்பம்தான். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் பிழை திருத்துபவரிடம் ஓய்ந்துபோனேன். நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு 'அண்ணாந்து'வுக்கும் நடுவில் ஒரு 'ர்' வைத்து அனுப்புவார். இந்தப் பதிலிலும் அது புகுந்திருந்தால் கடிதம் அவர் பெயருக்குப் போடுங்கள்.