இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல்: இந்த வசதி எதற்கு?

ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்ற உள்ள இரண்டு பேடிலையும் ஒரே நேரத்தில் இழுத்தால் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள) ஸ்போர்ட்ஸ் கார்கள் நியூட்ரலுக்குப் போகின்றனவே, அது சிக்னலில் நிற்பதற்கா, ஓட்டும்போது பயன்படுத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கார் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஃபெராரியிலும் போர்ஷ 911 ஜிடி3-லும் விரல் செய்வது ஒரே வேலைதான், ஆனால் நோக்கம் வேறு வேறு.

ஃபெராரியில் இது கியர் லீவருக்கு மாற்று, அவ்வளவுதான். 1989-ல் ஃபார்முலா ஒன்னுக்கு பேடில் கியரைக் கொண்டுவந்தது அவர்கள்தான். பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே அந்த வண்டி ஜெயித்தது. 1997-ல் எஃப்355 மூலம் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது ஒரு கிளட்ச்தான் இருந்தது. டூயல் கிளட்ச் 2008-ல், கலிஃபோர்னியா மாடலோடு வந்தது. அடுத்து வந்த 458-ல் லீவரே கிடையாது, ரிவர்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பட்டன்தான். நியூட்ரல் வேண்டுமென்றால் இரண்டு பேடிலையும் இழுக்க வேண்டும், கிளம்ப வலது பேடிலை இழுக்க வேண்டும். லம்போர்கினி ஹுராகானிலும் நியூட்ரலுக்கு இதே வழிதான். மெக்லாரனில் மட்டும் இந்தக் கதை நடக்காது. அங்கே இரண்டு பேடிலும் ஒரே துண்டு, சீசா பலகை மாதிரி. ஒன்றை இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் போகும். அதனால் நியூட்ரலுக்குத் தனிப் பட்டன் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் சுவாரசியமாவது போர்ஷவில். 2013-ல் வந்த 911 ஜிடி3-ல் மேனுவல் கியரையே எடுத்துவிட்டு பிடிகே எனப்படும் டூயல் கிளட்ச் பெட்டியை மட்டும் கொடுத்தார்கள். பழைய ஜிடி3 ரசிகர்களுக்குக் கடுப்பு. கிளட்ச் பெடல் போனால், அதை வைத்துக் காலால் செய்த வித்தைகளும் போய்விடுமே. பேடில் நியூட்ரல் அவர்களுக்குக் கொடுத்த சமாதானம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டூயல் கிளட்ச் பெட்டியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. 3-ல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 4 தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கியர் மாறிவிடும். ஜிடி3-ல் இரண்டு பேடிலையும் இழுத்தால் இரண்டு கிளட்ச்சும் திறந்து, எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்ததற்குச் சமம். பிடித்திருக்கும் வரைதான் அப்படி. விட்ட நொடியில் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இதனால் ஓட்டுபவருக்கு என்ன? ஈரமான வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 911-ல் எடை பின்னால் இருப்பதால் இது சகஜம். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் சக்கரம் தள்ளத் தள்ள இன்னும் வெளியே போகும். பேடில் இரண்டையும் இழுத்தால் அந்தத் தள்ளல் ஒரேயடியாக நின்று, முன் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். இன்னொன்று இதற்கு நேர் எதிர்: பேடிலைப் பிடித்தபடி எஞ்சினை உறுமவிட்டு, சட்டென்று விடுவது. கிளட்ச் அறைந்ததுபோல் பிடிக்க, பின் டயர் பிடி இழந்து வால் வீசும். டிரிஃப்ட் பிரியர்களுக்கு இதுதான் வேண்டும். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் போர்ஷவின் பிஎஸ்எம் எனும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்திருந்தால்தான் இந்த வேகம். அது இயங்கும்போது கிளட்ச் நிதானமாகவே பிடிக்கும். நின்ற இடத்திலிருந்தும் இப்படிக் கிளம்பலாம், வேகமாகக் கிளம்ப கம்ப்யூட்டர் உதவும் லாஞ்ச் கன்ட்ரோல் இல்லாமலே.

போர்ஷ பேடில்கள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றுவதும் இதற்கு உதவுகிறது. ஃபெராரியில் அவை ஸ்டியரிங் கம்பத்தோடு நிலையாக இருப்பவை. ஸ்டியரிங்கைப் பாதி திருப்பிய நிலையில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க விரல் தேட வேண்டியிருக்கும். வளைவில் உதவ வேண்டும் என்று நினைத்தவர்களும், நிற்கும்போது போதும் என்று நினைத்தவர்களும் செய்த வடிவமைப்பு அப்படியே தெரிகிறது.

சரி, சிக்னல். டிரைவில் வைத்து பிரேக்கை மிதித்திருந்தாலே கம்ப்யூட்டர் கிளட்ச்சைத் திறந்துவிடும். அதனால் கிளட்ச் தேயும் என்று பயந்து நியூட்ரலுக்குப் போக வேண்டியதில்லை. நீண்ட நேரம் நிற்கும்போது காலுக்கு ஓய்வு வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு நியூட்ரலுக்குப் போகலாம். கிளட்ச்சை உண்மையில் சூடாக்குவது மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பதும், நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும்தான். முன்னால் ஒரு கார் அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்றுவிட்டு, ஒரேயடியாக நகருங்கள்.