அலர்ஜி குடும்பத்துக் குழந்தைக்கு எந்தப் பால் டின்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் மூத்த மகளுக்கு நாலாவது மாதத்தில் முதல் முறை டின் பால் கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தாள். பால் அலர்ஜி என்றார்கள். இரண்டரை வயதுவரை பாலே சேர்க்கவில்லை. இப்போது பால், தயிர் எல்லாம் சாப்பிடுகிறாள். கணவருக்கு ஆஸ்துமா உண்டு. இரண்டாவது பையனுக்கு இப்போது ஆறு வாரம், தாய்ப்பால் மட்டும்தான். நாலு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மருந்துக் கடையில், "அலர்ஜி ஃபேமிலின்னா எச்.ஏ. டின்தான் நல்லது" என்று ஒன்றைக் கொடுத்தார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமியார் ஆட்டுப்பால் போதும் என்கிறார். பக்கத்து வீட்டில் சோயா என்கிறார்கள். எந்த பிராண்ட் நல்லது என்று சொல்லுங்கள்.

பதில்: பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். குழந்தைப் பால் பவுடரை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அதைவிட, உங்களுக்குத் தேவை பிராண்ட் இல்லை, வகை. வகை தெரிந்தால் டின்னைத் திருப்பிப் படித்து நீங்களே முடிவு செய்துவிடலாம்.

உங்கள் பையனுக்கு இன்றுவரை அலர்ஜி இல்லை. வரக்கூடிய வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அக்காவுக்கோ அப்பா அம்மாவுக்கோ அலர்ஜி நோய் இருந்தால் குழந்தையை 'ரிஸ்க்' வரிசையில் வைப்போம். ஆனால் அந்த வரிசையில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பால் அலர்ஜி வருவதே இல்லை.

பால் புரதத்தைக் கோத்த மணிமாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டின்னில் மாலை முழுசாக இருக்கும். எச்.ஏ. ('ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது அலர்ஜி வாய்ப்பு குறைவு) என்று விற்கும் டின்களில் பெரும்பாலானவற்றில் அதை நாலைந்து துண்டாக நறுக்கியிருப்பார்கள். அலர்ஜி உள்ள குழந்தையின் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத் துண்டுகள் இன்னும் நீளமாகவே இருக்கும். மூன்றாவது வகையில் மாலை பொடிப்பொடியாக வெட்டப்பட்டிருக்கும். நாலாவதில் நூலே கிடையாது, உதிரி மணிகள் மட்டும். அதுதான் அமினோ அமில டின்.

அலர்ஜி வந்துவிட்ட குழந்தைக்கு மூன்றாவது வகைதான் முதல் மருந்து. பால் அலர்ஜிக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அதில் சரியாகிவிடுவார்கள். அதிலும் சரியாகாதவர்கள், உயிருக்கே ஆபத்தான ரியாக்‌ஷன் வந்தவர்கள், எடை ஏறாமல் இளைத்துப்போனவர்கள் ஆகியோருக்கு நாலாவது வகை. அப்படியானால் எச்.ஏ. டின் யாருக்கு? அலர்ஜி வந்த குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்து. வராத குழந்தைக்கு, வராமல் தடுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஜெர்மனியில் தொண்ணூறுகளில் தொடங்கிய கினி என்ற ஆய்வில், நறுக்கிய புரதம் குடித்த சில குழந்தைகளுக்குத் தோல் கரப்பான் (எக்ஸிமா) குறைந்தது உண்மை. அந்த நம்பிக்கையில்தான் பல ஆண்டுகள் டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள். 2016-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த, பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழின் கட்டுரையில் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. 2019-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் தடுப்புக்கு ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. கடைக்காரர் சொன்னது பழைய பாடம்.

டின்னை எப்படிப் படிப்பது? முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் பெயரை நம்பாதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் முதல் நாலைந்து வரியைப் பாருங்கள். 'ஸ்கிம்டு மில்க்', 'வே புரோட்டீன்' (பால் திரியும்போது பிரியும் நீரில் உள்ள புரதம்) என்று மட்டும் இருந்தால் சாதாரண வகை. 'பார்ஷியலி ஹைட்ரலைஸ்டு' என்றால் எச்.ஏ. வகை. 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்டு' என்றால் மூன்றாவது வகை. பால், வே என்ற பேச்சே இல்லாமல் 'எல் லூசின்', 'எல் லைசின்' என்று வரிசையாக வந்தால் அமினோ அமிலம். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கான டின்னில் 'ஹைப்போஅலர்ஜெனிக் ஃபார்முலா' என்றும், மருத்துவர் ஆலோசனையில் மட்டும் தர வேண்டும் என்றும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எச்.ஏ. என்பதும் அதே சொல்லின் சுருக்கம்தான். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, பயத்துக்கு மூன்றாவது வகையையே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். அதுவும் அலர்ஜியைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. கசப்பும் ஒரு வாடையும் உண்டு; நாலு மாதம் தாண்டிய குழந்தை பல நேரம் துப்பிவிடும். விலையும் சாதாரண டின்னைப்போலப் பல மடங்கு. நாலு மாதத்தில் ஆறரை கிலோ இருக்கும் குழந்தை முழுக்க டின் பாலில் இருந்தால், கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளைக்குச் சுமார் 975 மில்லி குடிக்கும். 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப், ஒரு ஸ்கூப் நாலரை கிராம் என்று வைத்தால் 400 கிராம் டின் மூன்று நாள் தாங்காது. மாதத்துக்குப் பத்துப் பதினோரு டின். தேவையுள்ள குழந்தைக்கு அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும். உங்கள் பையனுக்கு இன்று அந்தத் தேவை இல்லை.

மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஆட்டுப்பால் புரதமும் மாட்டுப்பால் புரதமும் அக்கா தங்கை மாதிரி. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. அலர்ஜி இல்லாத குழந்தைக்கும் ஒரு வயதுக்குள் அது ஆகாது: ஃபோலேட் என்ற வைட்டமின் மிகக் குறைவு, ரத்தசோகை வரும், புரதமும் உப்பும் சிறுநீரகத்துக்கு அதிகம். தபேலா (மாட்டுக் கொட்டகை) எருமைப்பாலுக்கும், ஏ2 பாலுக்கும் இதே பதில்தான். ஏ2 பாலில் கேசீன் என்ற புரதத்தில் ஒரு வகை மட்டும்தான் வேறு, மற்ற புரதமெல்லாம் அப்படியே இருக்கும். லாக்டோஸ் இல்லாத டின்னும் உதவாது; லாக்டோஸ் சர்க்கரை, அலர்ஜி வருவது புரதத்தால். சோயாவை ஆறு மாதத்துக்கு முன்பு நாங்கள் எழுதுவதில்லை. பால் அலர்ஜி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தாய்ப்பாலைத் தொடருங்கள். தடுப்புக்காக என்று நீங்கள் பால், தயிரை நிறுத்த வேண்டாம். அதனால் குழந்தைக்குப் பயனில்லை, உங்கள் எலும்புதான் கரையும். வேலைக்குப் போனபின்பும் பால் பீய்ச்சி வைத்தால் டின் தேவை பாதியாகிவிடும். பீய்ச்சிய பால் ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். வெளியே நாலு மணி நேரம் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு; மே மாதத்து மும்பைக்கு அது செல்லாது. பீய்ச்சியதும் ஐஸ் பேக் போட்ட பையில் வைத்துவிடுங்கள், லோக்கல் ட்ரெயினில் வீட்டுக்கு வரும்வரை தாங்கும். (தாய்ப்பால் வங்கியில் வாங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் உங்கள் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில்தான் தொடங்கியது. ஆனால் அந்தப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் வார்டில் உள்ள நோயாளிக் குழந்தைகளுக்கும்.)

மீதிக்குச் சாதாரண டின் பால் போதும். இதில் ஒரு நுணுக்கம். ஜப்பானின் ஒக்கினாவாவில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு மாத வயதிலிருந்து இரண்டு மாத வயதுவரை தினமும் குறைந்தது 10 மில்லி சாதாரண டின் பால் குடித்த குழந்தைகளுக்கு, ஆறு மாத வயதில் பால் அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. தாய்ப்பால் குடிப்பதும் குறையவில்லை. பிறந்த முதல் சில நாள் கொடுத்துவிட்டு அப்புறம் நிறுத்திவிடுவதுதான் மோசம் என்று தெரிகிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் 'ஒரு வாய்' டின் பால் கொடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள். கொடுத்திருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து, முழுத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இன்றே டின் பால் ஆரம்பியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பித்தால் விட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். திங்கள் முதல் வெள்ளிவரை கொடுத்து, சனி ஞாயிறு நிறுத்த வேண்டாம். லீவு நாளிலும் ஒரு சிறு அளவு உள்ளே போகட்டும்.

அக்காவுக்கு முதல் டின் பாலில்தான் ரியாக்‌ஷன் வந்தது என்பதால் தம்பியின் முதல் பாலை அலட்சியமாகக் கொடுக்க வேண்டாம். நீங்கள் வேலைக்குச் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். காய்ச்சல், தடுப்பூசி இல்லாத நாள், காலை பத்து மணி வாக்கில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது 10 மில்லி. அரை மணி நேரம் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் 30 மில்லி, அதன்பின் இரண்டு மணி நேரம் கண்ணில் படும்படி வைத்திருங்கள். மறுநாள் முழு வேளை. கன்னம், முழங்கை மடிப்பில் கரப்பான் கடுமையாக இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள், மருத்துவர் முன்னிலையில் செய்யுங்கள்.

வாயைச் சுற்றித் தடிப்பு, உதடு வீக்கம், உடனே வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். மூச்சிரைப்பு, கரகரத்த அழுகை, உடம்பு துவண்டு வெளுத்தால் 108. அங்கே தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருந்து நேரத்தை இழக்காதீர்கள். இன்னொரு வகை ஏமாற்றும்: பால் குடித்து ஒன்று முதல் நாலு மணி நேரம் கழித்து, தடிப்பே இல்லாமல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துக் குழந்தை சோர்ந்துவிடும். வயிற்றுக் கிருமி என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான் என்று எழுதி வைத்திருந்தால் கண்டுபிடிப்பது எளிது. மலத்தில் ரத்தக் கீற்று, கரப்பான் போன்றவை இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியலாம்.

கலக்கும் விதத்தில் நடக்கும் தப்புகள்தான் அலர்ஜியைவிட அதிகக் குழந்தைகளைப் படுத்துகின்றன. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். ஸ்கூப்பைக் கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்துங்கள், அழுத்தாதீர்கள். ஒரு டின்னின் ஸ்கூப்பை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், அளவு மாறும். 'திக்கா இருக்கு' என்று யாராவது கூடத் தண்ணீர் ஊற்றினால் எடை ஏறாது, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரும். ஃபில்டர் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து, அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கலந்து, பிறகு குழாய்த் தண்ணீரில் பாட்டிலைக் காட்டி ஆற்றுங்கள். பவுடருக்குள்ளேயே கிருமி இருக்கலாம், சூடு அதற்குத்தான். புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) சேர்த்த டின்னில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருக்கும். அங்கே டின்னில் சொன்னபடி. கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடித்த தோல் வழியாகப் பால் புரதம் உள்ளே போனால் அலர்ஜி அங்கேயே உருவாகலாம் என்பது இன்றைய புரிதல். குளிப்பாட்டும்போது பாலேடு, பாலில் குழைத்த கடலை மாவு, ஆட்டுப்பால் சோப் வேண்டாம்.

வாங்கி வைத்த எச்.ஏ. டின் என்னாகும் என்றால்: சீல் உடைக்கவில்லையென்றால் பில்லோடு கொடுத்து மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தரவில்லையென்றால் வீணாக்க வேண்டாம், அதுவும் முழு ஊட்டமுள்ள பால்தான். காலாவதித் தேதி பார்த்து, சாதாரண டின் பாலைப் போலவே மேலே சொன்ன சோதனையோடு கொடுக்கலாம். திறந்தபின் எத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று டின்னின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும், திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதி வையுங்கள். ரியாக்‌ஷன் ஏதாவது வந்துவிட்டால் மட்டும், 'இது எச்.ஏ. தானே' என்று அதையே தொடராதீர்கள்.